ஹெக்கோடு: பாக்குத் தோப்புகளுக்கு நடுவே ஒரு நாடகப் பருவம்

தசரா விடுமுறைக் கூட்டத்தால் பெங்களூரிலிருந்து சாகரா செல்லும் இரவு ரயிலில் இடம் கிடைக்காமல், ஸ்லீப்பர் கட்டணம் வாங்கிய ஒரு தனியார் பேருந்தில் ஏறினேன். அதில் படுக்கை இருந்தது, உறக்கம் இல்லை. சிவமொக்காவைத் தாண்டியதும் ஜன்னல் கண்ணாடி சட்டத்தோடு ஆடத் தொடங்கியதால், விடியும்வரை அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தேன். சாகராவில் இறங்கினால், 10 கிலோமீட்டர்கூட இல்லாத, நாடகம் பார்க்க நான் கிளம்பிய ஹெக்கோடு கிராமத்துக்கு ஆட்டோக்காரர் 500 ரூபாய் கேட்டு, பெரிய மனது பண்ணுவதுபோல 400க்கு இறங்கி வந்தார். இதைப் படிப்பவர்கள் பேருந்து நிலையத்தில் சற்றுப் பொறுத்திருந்து உள்ளூர்ப் பேருந்தில் செல்லுங்கள். சில்லறைக் காசோடு முடிந்துவிடும்.

எப்படிச் செல்வது, எங்கே தங்குவது, என்ன செலவாகும் என்று வரிசையாக எழுதவே நினைத்திருந்தேன். ஆனால் நாடகங்களைத் தள்ளிவைத்துவிட்டு அறை வாடகையைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

பாக்கு விவசாயியான கே.வி. சுப்பண்ணாவும் ஊர்க்காரர்களும் சேர்ந்து 1949இல் தொடங்கிய ஸ்ரீ நீலகண்டேஸ்வர நாட்டிய சேவா சங்கம்தான் இன்று நீநாசம் என்று அறியப்படுகிறது. 1980இல் நடிப்புப் பள்ளி தொடங்கி, 1985 முதல் 'திருகாட்டா' என்ற பயணக் குழுவையும் அனுப்பிவருகிறார்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒன்றோடொன்று ஒட்டாத சில நாடகங்களை ஒரே குழு தயாரித்து, முதலில் சொந்த ஊரில் மேடையேற்றிவிட்டு, பிறகு மாதக்கணக்கில் கர்நாடகம் முழுவதும் சுற்றுகிறது. சுப்பண்ணாவுக்கு 1991இல் மகசேசே விருது கிடைத்ததில் வியப்பில்லை.

கன்னட எழுத்தாளர் சிவராம காரந்தர் பெயரிலான நீநாசம் அரங்கில் ஓர் இரவு கன்னடத்தில் ஷேக்ஸ்பியரையும் மறு இரவு புராணக் கதையை எடுத்தாண்ட இசை நாடகத்தையும் பார்த்தேன். ஷேக்ஸ்பியர் இடைவேளைவரை இழுவையாக இருந்தது. போர்க்காட்சியில் கம்புகளைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். இசை நாடகமோ என்னை நாற்காலி நுனிக்குக் கொண்டுவந்துவிட்டது. முந்தைய நாள் தளபதியாக உறுமியவர் இங்கே ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் அமர்ந்து பின்பாட்டுப் பாடினார். எவரும் சட்டையில் மைக் குத்திக்கொள்ளவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்துக்கும் கடைசி வரிசையில் சொல் தெளிவாக விழுந்தது. தொங்கும் மைக்குக்குக் கீழே வரிசையாக நின்று துணுக்குகளை ஒப்பிக்கும் நம் சென்னை சபா நாடகங்களை நினைத்து எரிச்சல்தான் வந்தது.

நாடகம் முடிந்து சற்று நேரத்தில் மேடைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். ராஜாவாக நடித்தவர் நெற்றிப் பொட்டைக்கூட அழிக்காமல், ஸ்பேனரால் படிக்கட்டுச் சட்டத்தின் நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். ராணி விளக்கு ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார். ஊர் ஊராகச் செல்லும் குழுவில் பாரம் ஏற்ற இறக்கத் தனி ஆள் கிடையாது. மறுநாள் காலை, நாடகத்தைப் பற்றிய கலந்துரையாடலில் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் எழுந்து, 'இரண்டாம் பாதியில் ஏன் அவசரப்பட்டீர்கள்?' என்று இயக்குநரையே கேட்டார். பாக்குக் காய்ப்பைப் பற்றிப் பேசும் அதே குரலில் ஊர்க்காரர்கள் நாடகத்தையும் பேசுகிறார்கள்.

சாப்பாட்டைச் சொல்லியே ஆகவேண்டும். சிவப்பரிசிச் சோற்றில் வல்லாரையையும் தேங்காயையும் அரைத்து மோரில் கலக்கிய தம்புளியை ஊற்றி, பிஞ்சு மாவடுவான அப்பெமிடி ஊறுகாயைக் கடித்துக்கொண்டால், பேருந்துக்காரரைக்கூட மன்னித்துவிடலாம். ஆட்டோக்காரரை முடியாது.

தங்குவதற்குச் சாகராவில் சுமாரான விடுதிகள் உள்ளன. அக்டோபரில் நடக்கும் பண்பாட்டு முகாமுக்குப் பதிவு செய்தவர்களுக்கு வளாகத்திலேயே ஏற்பாடு உண்டு, அதுவே மலிவு. செலவு கைமீறியது நாடகத்தால் அன்று, நாடக இயக்குநர் பிரசன்னா ஹெக்கோட்டுக்குப் பக்கத்தில் தொடங்கிய சரகா கைத்தறிக் கூடத்தால்தான். பாக்கு வேகவைத்த சாற்றில் சாயமேற்றிய செம்பழுப்புச் சட்டைகளைப் பார்த்ததும் கை நீண்டுவிட்டது. அதனால் பெங்களூர் திரும்பியது முன்பதிவில்லாப் பெட்டியில்.