சத்தத்த வச்சு குடைஞ்ச முதல் ஹாலோ ஃபார்ம்

நான் கடைஞ்ச மரச் சாடிய நேத்து ராத்திரி தராசுல வச்சுப் பாத்தேன், 288 கிராம். முந்தாநாளும் அதேதான், அதுக்கு முந்தின நாளும் அதேதான். எடை இறங்குறது நின்னுடுச்சுன்னா மரம் காஞ்சிடுச்சுன்னு அர்த்தம். கடைஞ்சு முடிச்ச அன்னிக்கு இதே சாமான் 412 கிராம் இருந்துச்சு, அஞ்சு வாரத்துல 124 கிராம் தண்ணி போயிருக்கு, ஒரு விரிசல் கூட இல்ல. என்னோட முதல் ஹாலோ ஃபார்ம், அதாவது லேத்துல மரத்த சுத்த விட்டு சின்ன வாய் வழியா உள்ள குடைஞ்சு எடுக்குற சாடி, அதனால மறக்குறதுக்குள்ள எழுதி வச்சுடலாம்னு உக்காந்துட்டேன்.

பவுல் கடைஞ்சவங்களுக்குத் தெரியும், வாய் அகலமா இருக்கும், உளி எங்க போகுது எவ்ளோ வெட்டுதுன்னு கொஞ்சம் குனிஞ்சா எல்லாமே கண்ணுக்கு முன்னாடி இருக்கும். இதுல அப்படி இல்ல. என் துண்டுல உடம்பு 12 சென்டிமீட்டர், உயரம் 15, வாய் மட்டும் வெறும் மூணரை சென்டிமீட்டர், அதுக்குள்ள குடையுற டூலோட கம்பிய விட்டோம்னா பாதி வாய கம்பியே அடைச்சுக்கும் மீதிய வெட்டின மரச் சுருள் அடைச்சுக்கும், உள்ள நுனி என்ன பண்ணுதுன்னு பாக்க வழியே கிடையாது. அமெரிக்கால டேவிட் எல்ஸ்வொர்த்னு ஒரு பெரிய கடைசல்காரர், 1986ல அங்க கடைசல்காரங்க சங்கம் ஆரம்பிச்சப்போ அதோட முதல் தலைவர். 1970கள்லயே வளைஞ்ச டூல்கள தானே செஞ்சுக்கிட்டு, சின்ன ஓட்டை வழியா உள்ள போயி சுவர அவ்ளோ மெல்லிசா குடைஞ்சிருக்கார். அவர் வேலைய ஃபோட்டோவுல பாத்ததுல இருந்துதான் எனக்கு இந்த ஆசை.

மரம் பச்சை மரம், விழுந்த கிளையோட அடிப்பக்கம். நடுவுல பிளந்து, அந்த மெத்துன்னு இருக்குற நடுப்புள்ளி துண்டுக்குள்ள வராத மாதிரி எடுத்துக்கிட்டேன், விரிசல் பெரும்பாலும் அங்கதான் ஆரம்பிக்கும். வெளி உருவம் கடையுறது நல்ல சந்தோஷமான வேலை, ஈரச் சுருள் நீள நீளமா தோள் மேல வந்து விழும், ஃபேஸ் ஷீல்டுல தண்ணி பொடிப்பொடியா தெறிக்கும். அடிப்பக்கத்த மட்டும் அப்பவே ஒல்லியாக்கிடக் கூடாது, உள்ள குடைஞ்சு முடியுற வரைக்கும் அந்த கனம்தான் துண்ட ஆடாம பிடிச்சு வைக்கும். அப்புறம் லேத்துல துண்ட கவ்விப் பிடிக்குற சக்குல மாட்டி, டிரில் பிட்டுல 13 சென்டிமீட்டர்ல டேப் ஒட்டிக்கிட்டு நடுவுல ஓட்டை போட்டேன். டேப் மரத்த தொட்டா நிறுத்திடணும், அதுதான் சாடியோட உள் தரை.

குடைய ஆரம்பிச்சப்போதான் விஷயமே புரிய ஆரம்பிச்சுது. மரத்தோட நார், துண்டு சுத்துற அச்சோட திசையிலயே ஓடுறதால நடு ஓட்டைல இருந்து சுவர் பக்கமா இழுத்து வெட்டணும், வெளிய இருந்து உள்ள தள்ளினா நார் பிய்ஞ்சுக்கும். டூல் நுனி, துண்டு சுத்துற மையத்தோட உயரத்துலயோ அதுக்கு ஒரு மயிரிழை மேலயோ இருக்கணும், ஏன்னா திடீர்னு கடிச்சு டூல் கீழ அமுங்கினா உள்பக்கத்துல அது அகலமான இடத்துக்குத்தான் இறங்கும், மரத்துல இன்னும் ஆழமா குத்தாது. மையத்துக்கு கீழ இருந்தா அப்படியே நேர் எதிர். இத நான் படிச்சுத்தான் வச்சிருந்தேன், ஆனா முதல் கடி கடிச்சப்போ கை முழங்கை வரைக்கும் அதிர்ந்துச்சு பாருங்க, அப்புறம் ஒவ்வொரு தடவையும் டூல தாங்குற டூல் ரெஸ்ட்டோட உயரத்த சரி பாத்துட்டுத்தான் சுவிட்ச போட்டேன்.

எனக்கு கடைசல் சொல்லித் தர்ற அண்ணன் பக்கத்துலயே நின்னுட்டு இருந்தார். நான் குனிஞ்சு குனிஞ்சு வாய்க்குள்ள எட்டிப் பாத்துட்டே இருந்தேன். "உள்ள என்னடா தேடுற தம்பி, நிமிர்ந்து நில்லு, என்ன கேக்குதுன்னு சொல்லு" அப்படின்னார். நிமிர்ந்து நின்னு கேட்டேன். சுவர் கனமா இருக்குற இடத்துல டொம் டொம்னு அடங்கின சத்தம், நுனிய கொஞ்சம் மேல வாய் பக்கம் கொண்டு வந்தா, அங்க ஏற்கனவே மெல்லிசாக்கிட்டதால, அதே வெட்டு கணீர்னு ஏறிப் போகுது. கம்பிய கையால பிடிச்சிருக்குற இடத்துலயும் அது வேற மாதிரி கூசுது. ஒரு அரை மணி நேரத்துல, இப்ப சுவர் சுமாரா ஒரு சென்டிமீட்டர் இருக்கும்னு மனசுல சொல்லிக்கிட்டு, லேத்த நிறுத்திட்டு சுவர் கனம் அளக்குற கேலிப்பர் விட்டுப் பாத்தா 11 மில்லிமீட்டர் காட்டுது, அந்த சந்தோஷத்த எப்படி எழுதுறதுன்னு தெரியல.

ஆனா சுருள் உள்ள சேந்துடுச்சுன்னா இந்த சத்தம் எல்லாம் செத்துப் போயிடும். பச்சை மரத்துச் சுருள் ஈரமா இருக்குறதால சுத்துற வேகத்துல சுவர்ல போயி அப்பிக்கும், டூல் மரத்த வெட்டுதா சுருள கிளறுதான்னே தெரியாது, சில நேரம் கம்பிய இறுக்கிப் பிடிச்சுக்கும். அதனால நிறுத்து, காத்தடிச்சு வெளிய தள்ளு, திரும்ப ஆரம்பி, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை இதேதான். பொறுமை இல்லாம இதுல ஒரு தடவைய விட்டாலும் அடுத்த கடி அங்கதான் வருது.

வாய்க்கு நேர் கீழ தோள்பட்டை இருக்குல்ல, அங்க நேர் டூல் எட்டவே எட்டாது, வளைஞ்சதுதான் போகும். வளைஞ்ச பகுதி டூல் ரெஸ்ட் மேல உக்காரவே கூடாது, வளைவு முழுசா உள்ள போனப்புறம் நேரா இருக்குற கம்பிதான் ரெஸ்ட்ல படணும், இல்லன்னா டூல் கையிலயே உருண்டுடும். அப்புறம் மொத்தத்தையும் ஒரேடியா குடையக் கூடாது, மேல மூணு நாலு சென்டிமீட்டர கடைசி கனத்துக்கு கொண்டு வந்து முடிச்சுட்டு, அப்புறம் அடுத்த படி கீழ, மேல திரும்ப வரவே கூடாது.

ஏன் வரக்கூடாதுன்னு அன்னிக்கே தெரிஞ்சுது. பாதில ஒரு ஃபோன் வந்துச்சு, பேசிட்டு அரை மணி கழிச்சு வந்தேன், துண்டுக்கு மேல பிளாஸ்டிக் கவர் போட மறந்துட்டேன். மேல் பகுதிய இன்னும் ஒரு இழை எடுக்கலாம்னு டூல வச்சா டிக் டிக் டிக்னு ஒரு பக்கம் மட்டும் படுது. மெல்லிசான சுவர் அதுக்குள்ள வட்டத்துல இருந்து நகர ஆரம்பிச்சுடுச்சு. அப்படியே விட்டுட்டு கீழ இறங்கிட்டேன், கவர் போட்டுட்டுத்தான் அப்புறம் எங்கயும் நகர்ந்தேன்.

கீழ போகப் போக கம்பி டூல் ரெஸ்ட்ட தாண்டி 12, 13 சென்டிமீட்டர் நீட்டிக்கிட்டு நிக்கும், அந்த நீளத்துல நுனில ஒரு சின்ன உதறல் வந்தா கூட கைப்பிடில பெருசா தெரியும். முழங்கைய உடம்போட ஒட்டி வச்சு, கைய இல்ல இடுப்ப நகர்த்தி, மெல்ல மெல்ல எடுத்தேன். தரைக்கு வந்தப்போ சத்தம் திரும்ப அடங்கிடுச்சு, ஓட்டையோட அடி தட்டுப்பட்டுச்சு. அடிய திருப்பி மாட்டி, லேத்தோட எதிர் முனைல இருந்து அழுத்திப் பிடிக்குற டெயில்ஸ்டாக் தாங்கலோட கடைஞ்சு, கடைசில மிஞ்சின குமிழ கத்தியால வெட்டி எடுத்தேன். அன்னிக்கே அதோட சுருள்லயே புதைச்சு பேப்பர் பைல போட்டு மூடி வச்சாச்சு.

காஞ்சதுக்கப்புறம் அளந்தா ஒரு பக்கம் 120 மில்லிமீட்டர், குறுக்கால 116. மரம் ஆண்டு வளையத்தோட போக்குல சுருங்குறது, நடுவுல இருந்து வெளிய போற திசையில சுருங்குறத விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு, அதனால லேசா முட்டை வடிவம். வாயும் அப்படித்தான் இருக்கு, எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு.

விரலால சுண்டினா சுவர் முழுக்க கணீர்னு கேக்குது, தோள்பட்டைக்கு அரை இஞ்ச் கீழ ஒரு இடத்துல மட்டும் டொம்முனு அடங்குது. சுண்டு விரல உள்ள விட்டா அங்க ஒரு மேடு தட்டுப்படுது, நேர் டூல் நின்ன இடத்துக்கும் வளைஞ்ச டூல் ஆரம்பிச்ச இடத்துக்கும் நடுவுல. கேலிப்பர் 9 மில்லிமீட்டர் காட்டுது, மத்த இடமெல்லாம் 6, 7. கிளையோட இன்னொரு பாதி முனைல மெழுகு பூசி கவர்ல இருக்கு, அதுல வளைஞ்ச டூல இன்னும் முன்னாடியே எடுத்துடணும்.