முட்டு எடுக்கலாமா?

விருதுநகர் பக்கம் ஒரு கல்யாண மண்டப வேலை. முதல் மாடி ஸ்லாப் போட்டு எட்டாவது நாள். அடுத்த சைட்டுக்கு ஜாக்கி, அதாவது ஸ்லாபைத் தாங்கி நிற்கும் இரும்பு முட்டு, வேண்டும் என்று சென்ட்ரிங்காரர் காலையிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தார். கையில் போன் இருந்தது. ஸ்லாபுக்குக் கொடுத்த முட்டுகளை எத்தனை நாளில் எடுக்கலாம் என்று ஏஐயிடம் கேட்டேன். கான்கிரீட் வேலைக்கான இந்திய விதிப் புத்தகமான ஐஎஸ் 456 படி 7 நாள் என்று பட்டென்று பதில் வந்தது. எட்டு நாள் ஆகிவிட்டதே, சரி எடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

பக்கத்தில் நின்ற மேஸ்திரி மேலே அண்ணாந்து பார்த்தார். "பதினேழு அடி இருக்கே சார், இது என்ன பெட்ரூமா?"

அந்த விதிப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். ஸ்லாப் ஸ்பான், அதாவது ஸ்லாபைத் தாங்கும் இரண்டு பக்கத்துக்கும் இடையில் உள்ள தூரம், 4.5 மீட்டர் வரை இருந்தால்தான் முட்டுக்கு 7 நாள். அதற்கு மேல் 14 நாள். எங்களுடைய பதினேழு அடி 5.18 மீட்டர். அதுவும் ஓபிசி என்கிற சாதாரண சிமெண்டுக்கும், ஒழுங்காகத் தண்ணீர் விட்டு கியூரிங் செய்த கான்கிரீட்டுக்கும் சொன்ன கணக்கு. நாங்கள் போட்டது பிபிசி, சாம்பல் (ஃப்ளை ஆஷ்) கலந்த சிமெண்ட். முதல் சில வாரங்களில் அது மெதுவாகத்தான் வலு ஏறும். ஏழு அங்குல ஸ்லாப் என்றால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 440 கிலோ, அதன் மேல் செங்கல் வேறு அடுக்கி வைத்திருந்தோம். எல்லாவற்றையும் யோசித்து 21 நாள் விட்டோம். சென்ட்ரிங்காரர் அதன் பிறகு ரொம்ப நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பதில் தப்பு என்று சொல்ல மாட்டேன். சின்ன ஸ்லாபுக்கு அது சரிதான். நான்தான் ஸ்பானைச் சொல்லவில்லை, மூட்டையில் என்ன சிமெண்ட் என்று எழுதியிருந்தது என்பதையும் சொல்லவில்லை. ஏஐயும் திருப்பிக் கேட்கவில்லை. மேஸ்திரிக்கு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அந்த ஹாலுக்குப் பலகை அடித்ததே அவர் ஆட்கள்தான். ஆனால் முட்டு எடுக்கலாம் என்று ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவது அவரும் இல்லை, போனும் இல்லை.

அதற்காக ஏஐயைத் தள்ளி வைத்துவிடவில்லை. கம்பி அட்டவணையைச் சரிபார்க்க என்னைவிட அதற்குப் பொறுமை அதிகம். ஒருமுறை எக்செல்லில் 16 மி.மீ. கம்பிக்கு நேராக 12 மி.மீ. கம்பியின் எடையை, அதாவது மீட்டருக்கு 0.888 கிலோவை, இழுத்து விட்டிருந்தேன். 1.58 இருக்க வேண்டும் என்று அதுதான் பிடித்தது. அந்தக் கணக்கிலேயே ஆர்டர் போட்டிருந்தால் பாதிக் கம்பியோடு நின்றிருப்போம். ரெடிமிக்ஸ் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதையும் அதனிடமே விட்டுவிட்டேன். என் ஆங்கிலத்துக்கு அதுவே மேல்.

இப்போது ஸ்பான், சிமெண்ட், போட்ட தேதி எல்லாம் சேர்த்துத்தான் கேட்கிறேன். அதற்கு முன்னால் டேப்பை எடுத்துக்கொண்டு ஸ்லாபுக்குக் கீழே ஒரு நடை போய் வருகிறேன். மேஸ்திரி மட்டும் இன்னும் விட்டபாடில்லை. எந்த ஸ்லாபுக்குச் சென்ட்ரிங் பிரித்தாலும், "போன் என்ன சொல்லுது சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் முதல் ஜாக்கியில் கை வைக்கிறார்.