காது தவிர மத்ததுக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் இருக்கு

"ஏண்டி, நமக்கே ஒழுங்கா ஒரு பாலிசி இல்ல, நாய்க்கு ஒரு கேடா"ன்னு எங்கம்மா கேட்டப்போ எனக்கும் சொல்ல பதில் இல்ல. குட்டி வர இன்னும் மூணு வாரம் இருந்துச்சு, பையன் அதுக்குள்ள மணின்னு பேரே வச்சுட்டான், நான் ராத்திரி எல்லாரும் தூங்கினதுக்கு அப்புறம் போன்ல பாலிசி பேப்பரா படிச்சுட்டு இருந்தேன்.

முதல்ல நான் பண்ண முட்டாள்தனம், எதுல மாச பிரீமியம் கம்மின்னு பாத்து வரிசையா எழுதி வச்சது. ரெண்டு நாள் கழிச்சு அந்த பேப்பரை கிழிச்சுப் போட்டுட்டேன். ஏன்னா கம்மியா இருந்ததுல பாதி விபத்துக்கு மட்டும் உள்ள பாலிசி, அதாவது கால் ஒடஞ்சா வரும், வாந்தி பேதின்னு படுத்தா வராது. இன்னொண்ணுல வியாதியும் உண்டு ஆனா ஒரு வியாதி ஆரம்பிச்சு 12 மாசம் வரைக்கும்தான், அதுக்கு மேல நம்ம பாடு. தோல் அலர்ஜி மாதிரி விஷயமெல்லாம் ஒரு வருஷத்துல முடியறதா என்ன, வந்தா ஆயுசு பூரா கூடவே இருக்கும். அதனால வருஷா வருஷம் ரின்யூ பண்ணா பழைய வியாதிக்கும் தொடர்ந்து கொடுக்கறதா பாத்துதான் எடுக்கணும்னு முடிவு பண்ணேன். நடுவுல கம்பெனி மாத்தலாம்னு நினைக்காதீங்க, அதுவரைக்கும் வந்த வியாதி எல்லாம் புதுசா போற இடத்துல பழைய வியாதி ஆயிடும், பழைய வியாதிக்கு காசு தரமாட்டாங்க, ஆக முதல்ல எடுக்கற கம்பெனி கூடத்தான் கடைசி வரைக்கும் குப்பை கொட்டணும்.

அடுத்தது கணக்கு. பில்லு 1000ன்னு வச்சுக்கோங்க, டிடக்டிபிள், அதாவது நம்ம கைலேருந்து போற பங்கு, 200, கம்பெனி கொடுக்கறது 80 சதவீதம். முதல்ல 200 கழிச்சுட்டு மிச்சத்துல 80 சதவீதம் போட்டா கைக்கு 640 வரும். முதல்ல 80 சதவீதம் போட்டுட்டு அப்புறம் 200 கழிச்சா 600தான். எந்த வரிசைல கழிப்பாங்கன்னு பாலிசில எங்கயோ ஒரு மூலைல போட்டிருக்கும். அந்த 200 வருஷத்துக்கு ஒரு தடவையா இல்ல ஒவ்வொரு வியாதிக்கும் தனித்தனியாவான்னும் பாக்கணும், அதுலதான் நிஜமா காசு போகுது. தடுப்பூசி, பூச்சி மருந்து எல்லாம் சேத்து வெல்னஸ்னு ஒரு ஆட் ஆன் விப்பாங்க, நான் உக்காந்து கூட்டிப் பாத்தேன், கட்டறதும் கிடைக்கறதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், வேணாம்னு விட்டுட்டேன்.

இதுக்கு நடுவுல வீட்டையும் ரெடி பண்ணணும்ல. தரையோட தரையா படுத்து குட்டி உயரத்துல இருந்து வீட்டைப் பாருங்கன்னு எங்கயோ படிச்சேன், சிரிப்பா இருந்துச்சு, ஆனா படுத்துப் பாத்தா சோபாவுக்கு அடில ரிமோட்ல இருந்து விழுந்த பட்டன் பேட்டரி ஒண்ணு, என் ஹேர்கிளிப் ரெண்டு, பையன் உருட்டி விட்ட திராட்சை ஒண்ணு சுருங்கிப் போய் கிடக்கு. பேட்டரி நாயோட உணவுக்குழாயை அரிச்சு ஓட்டை போட்டுடும், திராட்சை கிட்னியை அடிச்சுடும், ஒரே சோபாவுக்கு அடில இவ்ளோ. சாக்லேட் ஆகாதுன்னு எல்லாருக்கும் தெரியும், சர்க்கரை இல்லாத சூயிங்கம்ல போடற சைலிட்டால் அதைவிட மோசம்னு எனக்கு அப்போதான் தெரிஞ்சுது, அன்னைலேருந்து என் ஹேண்ட்பேக் ஆணில தொங்குது. கூண்டு வாங்கறப்போ பெருசா தாராளமா இருக்கட்டும்னு இவரு சொன்னாரு, அப்படி வாங்கக்கூடாது, ஒரு மூலைல படுத்துட்டு இன்னொரு மூலைல ஒண்ணுக்கு போயிடும், எழுந்து நின்னு திரும்பிப் படுக்கற அளவு இருந்தா போதும்.

மணி வந்தப்போ சரியா 8 வாரம். பாலிசி எல்லாம் படிச்சு முடிச்சு எதுன்னும் முடிவு பண்ணியாச்சு, ஆனா பணம் கட்டல, ஒரு வாரம் போகட்டும்னு சோம்பேறித்தனம். மூணாம் நாள் டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனோம். எடை பாத்தாரு, பல்லு பாத்தாரு, மூணு நாலு வாரத்துக்கு ஒரு ஊசின்னு 16 வாரம் வரைக்கும் வரணும்னாரு, பார்வோன்னு குட்டிங்க உயிருக்கே ஆபத்தான ஒரு கிருமி மண்ணுல மாசக்கணக்கா உயிரோட இருக்கும் அதனால ஊசி முடியற வரைக்கும் மத்த நாய் நடமாடற இடத்துல இறக்கி விடாதீங்க ஆனா கைல தூக்கிட்டு வெளிய காட்டுங்க, இந்த வயசுல பாக்காத சத்தம் மனுஷங்க எல்லாம் பின்னாடி பயமாயிடும்னாரு. நல்ல டாக்டர். கிளம்பறப்போ நான் சும்மா இருக்காம, "காதுப் பக்கம் சொறிஞ்சுட்டே இருக்கான் டாக்டர்"னேன். அவரு காதுக்குள்ள லைட் அடிச்சுப் பாத்துட்டு, "ஒண்ணுமில்லம்மா, புதுசா காலர் போட்டிருக்கீங்கல்ல, உறுத்துது, பழகிடும்"னாரு. சொல்லிட்டே கம்ப்யூட்டர்ல ஏதோ தட்டினாரு. அவ்ளோதான். ரெண்டு நாள்ல சொறியறதும் நின்னுடுச்சு.

பத்தாவது நாள் பாலிசி எடுத்தேன். வியாதிக்கு 14 நாள் வெயிட்டிங் பீரியட், முட்டி இடுப்புக்கு 6 மாசம், அதுக்குள்ள வந்தா காசு கிடையாது. அந்த 14 நாளும் தாண்டி, 4 மாசக் குட்டியா இருக்கறப்போ பாதி செருப்பு வாரை முழுங்கிட்டான். வாந்தி எடுக்க வச்சு, படம் எடுத்து, ஒரு ராத்திரி அங்கயே வச்சிருந்து அனுப்பினாங்க. பில்லை மொத்தத் தொகையா வாங்காதீங்க, எதுக்கு எவ்ளோன்னு வரி வரியா போட்டு வாங்குங்க, கூடவே குட்டி வந்த நாள்லேருந்து உள்ள மெடிக்கல் ஹிஸ்டரியும் கேப்பாங்க. ரெண்டையும் அனுப்பினேன், பணம் ஒழுங்கா வந்துடுச்சு, அம்மா கூட ஒண்ணும் சொல்லல.

அந்த தெம்புலதான் அடுத்த மாசம் வலது காதுல சீழ் வச்சப்போ கிளெய்ம் போட்டேன். ரிஜெக்ட். காரணம் கேட்டா அவனோட ஹிஸ்டரில முதல் விசிட்ல ஒரு வரி இருக்காம்: இடது காது சொறிகிறது என உரிமையாளர் கூறுகிறார். பாலிசிக்கு முன்னாடி வந்த அறிகுறி, ஆக பழைய வியாதி. "அது இடது காதுங்க, இது வலது காது"ன்னேன். காது, கண், முட்டி மாதிரி ரெண்டு பக்கமும் இருக்கற உறுப்புல ஒரு பக்கம் வந்தா மறுபக்கமும் சேத்திதான்னு பாலிசில இருக்காம். போய் பாத்தேன், இருக்கு, நான் ராத்திரி ராத்திரி படிச்ச அதே பேப்பர்ல 14ம் பக்கத்துல.

முதல் நாளே பாலிசி எடுத்திருந்தாலும் தப்பிச்சிருக்க மாட்டேன், வெயிட்டிங் பீரியடுக்குள்ள வர்ற அறிகுறியும் அதே கணக்குதான். டாக்டர்கிட்ட மறைக்கணும்னும் நான் சொல்ல வரல, மறைச்சா குட்டிக்குத்தான் கஷ்டம். ஆனா நான் சொன்னதை எழுதினவரு, காதைப் பாத்தேன் சுத்தமா இருந்துச்சுன்னும் எழுதியிருக்கணும், எழுதியிருக்காரான்னு நான் அன்னைக்கே கேட்டு வாங்கிப் பாத்திருக்கணும். இப்போ ஒவ்வொரு விசிட்லயும் கிளம்பறதுக்கு முன்னாடி ரெக்கார்டுல ஒரு காப்பி வாங்கி அங்கயே நின்னு படிக்கறேன், ரிசப்ஷன்ல என்னைப் பாத்தாலே பிரின்ட் கொடுத்துடறாங்க.

டாக்டர் அப்புறம் லெட்டர் கொடுத்தாரு, அன்னைக்கு காதுல தொற்று எதுவும் இல்லன்னு. அதை வச்சு அப்பீல் பண்ணேன், கிளெய்ம் கிடைக்கல, ஆனா சிகிச்சை முடிஞ்ச நாள்லேருந்து 180 நாள் காதுல ஒரு தொந்தரவும் இல்லன்னா மறுபடி பரிசீலிக்கறோம்னு எழுதிக் கொடுத்தாங்க. இன்னைக்கு 163. மணி தலையை ஒரு உதறு உதறினா போதும், அம்மா உட்பட வீட்ல எல்லாரும் டார்ச்சைத் தேடறோம்.