தீபாவளிச் செலவு: முதலில் உறைகளை எண்ணுங்கள்

சிங்கப்பூரில் தீபாவளிப் பட்ஜெட்டை முறுக்கு, இனிப்பில் தொடங்காதீர்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பண உறைகளில் தொடங்குங்கள். கணக்கு கைமீறுவது அங்கேதான். 25 பிள்ளைகள், உறைக்கு 6 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றாலே 150 வெள்ளி. பெயர்களை எழுதி வைத்து, திடீரென வருவோருக்காக ஐந்து உறை கூடுதலாகப் போடுங்கள்.

சிடிசி பற்றுச்சீட்டு (வீடுகளுக்கு அரசு தரும், கைப்பேசியில் தட்டிச் செலவிடும் சீட்டு) மீதம் இருந்தால், அதில் பேரங்காடிக்கான பகுதி அரிசி, எண்ணெய், பருப்புக்கு. மற்றப் பகுதியை லிட்டில் இந்தியாவின் தேக்கா ஈரச்சந்தையில் அதை ஏற்கும் கடைகளில் ஆட்டிறைச்சிக்கு வையுங்கள். மீதிச் சில்லறை தரமாட்டார்கள். பில் 18 வெள்ளி 40 காசு என்றால், 10 வெள்ளிச் சீட்டு ஒன்று, 2 வெள்ளிச் சீட்டு நான்கு, மிச்சம் 40 காசு ரொக்கம். இரண்டு 10 வெள்ளிச் சீட்டைத் தட்டிவிட்டால் 1 வெள்ளி 60 காசு போச்சு!

டிசம்பரில் ஊருக்குப் போகும் டிக்கெட் பணத்தை இதோடு கலக்கவே கூடாது. பள்ளி விடுமுறையில் ஏறும் விலை உங்கள் போனசுக்காகக் காத்திருக்காது.