குடும்ப எண் இல்லாத நான்கரை ஆண்டுகள்

2024 பிப்ரவரியில், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம் தொடங்கிய முதல் ஞாயிறன்று, ஆராதனை முடிவில் வாசித்த அறிவிப்புகளில், அந்த ஆண்டு திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளைப் பேராயர் தலையில் கைவைத்து விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு) பெற விரும்பும் பிள்ளைகளின் பெயரைச் சபை அலுவலகத்தில் கொடுக்கும்படி சொன்னார்கள். என் மகளுக்கு அப்போது பதினான்கு வயது முடிந்து பதினைந்து நடந்துகொண்டிருந்தது. ஓய்வுநாள் பள்ளியில் அவளோடு படித்த நான்கு பிள்ளைகளும் பெயர் கொடுக்கிறார்கள் என்பதால் அவளும் மிகுந்த ஆசையோடு இருந்தாள். படிவத்தை வாங்கி அங்கேயே நிரப்பி நீட்டியபோது, அலுவலகத்தில் இருந்தவர் அதைப் படித்துக்கூடப் பார்க்காமல், "உங்க குடும்ப எண் என்னம்மா?" என்று கேட்டார். அப்படி ஓர் எண் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "நம்பர் இல்லைன்னா நீங்க மெம்பர் இல்லைம்மா, விசிட்டர்தான்" என்று சொல்லிப் படிவத்தை என் பக்கமே தள்ளிவைத்தார்.

நாங்கள் சென்னைப் புறநகருக்குக் குடிவந்தது 2019 ஜூன் மாதம். வந்த முதல் ஞாயிறிலிருந்து இந்த சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்துக்குத்தான் போகிறோம். காலை ஏழரை மணி ஆராதனை, புதன்கிழமை மாலை எங்கள் தெருக்களுக்கான பகுதி ஜெபக்கூட்டம், முதல் வெள்ளி உபவாச ஜெபம், சனிக்கிழமை மாலை என் கணவருக்குப் பாடகர் குழுப் பயிற்சி என்று எங்கள் வாரமே ஆலயத்தைச் சுற்றித்தான் ஓடும். பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் நாங்கள் வைத்த ஸ்தோத்திரக் காணிக்கைகளைப் பீடத்திலிருந்து எங்கள் பெயரைச் சொல்லித்தான் வாசித்திருக்கிறார்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் நான் கொண்டுபோன பூசணிக்காயை ஏலம் கூறியவர், எங்கள் வீட்டுப் பெயரையும் சேர்த்தே கூவினார். இத்தனைக்கும் பிறகு நாங்கள் "விசிட்டர்" என்று கேட்டபோது என் நெஞ்சு அடைத்துப்போனது உண்மை. மகள் பக்கத்தில் நின்றதால் ஒன்றும் பேசாமல் வெளியே வந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். ஊரிலிருந்து வரும்போதே சேகர குருவானவரிடம் (பல ஊர்ச் சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம்) சபை மாறுதல் கடிதம் வாங்கி வந்து இங்கே கொடுத்திருக்க வேண்டும். வீடு மாற்றும் அவசரத்தில் அடுத்த கிறிஸ்துமஸுக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். கிறிஸ்துமஸுக்குப் போனபோது வேறு அலைச்சல். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஆலயங்களே பூட்டப்பட்ட பிறகு அந்த நினைப்பே இல்லாமல் போயிற்று. கடிதம் கொடுக்காததால் எங்களுக்குக் குடும்ப எண் கிடைக்கவில்லை. எண் அச்சிட்ட மாதக் காணிக்கை உறைகள் வராததால் நாங்களாகவே வெள்ளை உறையில் பணம் வைத்து, மேலே பெயரை எழுதித் தட்டில் போட்டுவந்தோம். எண் இல்லாத உறைகளைப் பொதுக் காணிக்கையில்தான் சேர்ப்பார்கள் என்பதை அந்த அலுவலர் பிற்பாடு சொன்னார். ஆகவே நான்கரை ஆண்டுகளாக மாதம் தவறாமல் கொடுத்தும், குடும்பவாரியாக மாதக் காணிக்கையை எழுதும் சந்தாப் பதிவேட்டில் எங்கள் பெயரில் ஒரு ரூபாய்கூட இல்லை. காணிக்கை தேவனுக்குக் கொடுத்தது, அதற்குக் கணக்குக் கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் புதிதாக வரும் ஒரு குடும்பத்திடம், ஒரே ஒரு ஞாயிறாவது, "மாறுதல் கடிதம் கொண்டுவந்தீர்களா?" என்று யாராவது கேட்டிருக்கலாம் அல்லவா? இப்போது புதிதாக ஒரு சபையில் சேர்ந்திருப்பவர்கள், தங்கள் கையில் வரும் உறையில் எண் இருக்கிறதா என்று இந்த ஞாயிறே பார்த்துவிடுங்கள்.

அடுத்த மூன்று வாரங்களில் மூன்று முறை அலுவலகத்துக்குப் போனேன். முதல் முறை மாறுதல் கடிதம் வேண்டும் என்றார்கள். அதற்காக ஊருக்குத் தொலைபேசியில் பேசி வைத்துவிட்டுச் சென்றபோது, மகளின் ஞானஸ்நானச் சான்று அசலாக வேண்டும் என்றார்கள். மூன்றாம் முறை, எங்கள் திருமணச் சான்றின் நகலும், பழைய சபையில் சந்தா பாக்கி இல்லை என்ற குறிப்பும் வேண்டும் என்றார்கள். அலுவலகமோ செவ்வாய் முதல் சனி வரை காலை பத்து மணிக்குத் திறந்து ஒரு மணிக்கு மூடிவிடும், வேலைக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அரை நாள் விடுப்பு எடுத்தாக வேண்டும். முதல் நாளே ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, என்னென்ன வேண்டும் என்று முழுவதையும் எழுதி வாங்கியிருந்தால் இரண்டு விடுப்புகள் மிஞ்சியிருக்கும். சபையின் குருவானவரான ஆயரிடம் நேரில் சொன்னேன். அவர் அன்பாகக் கேட்டு, வகுப்பில் மகளை உட்காரச் சொன்னார். ஆகஸ்டில் பேராயர் வருவதற்குள் தாள்கள் எல்லாம் வந்துவிட வேண்டும் என்பது மட்டும் அவருடைய நிபந்தனை. வகுப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, பத்துக் கட்டளைகளும் விசுவாசப் பிரமாணமும் அவளுக்கு முன்பே மனப்பாடம்.

மகளின் ஞானஸ்நானம் என் கணவரின் சொந்த ஊரில் நடந்தது. நாசரேத்துக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் இடையே உள்ள சின்னக் கிராமம் அது. தபாலில் விண்ணப்பம் அனுப்பினோம். நாங்கள் எழுதிய தேதியில் அப்படி ஒரு பதிவு இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. சரி, நேரில் போய்விடலாம் என்று மே மாதப் பள்ளி விடுமுறையில், தட்கலில் இடம் பிடித்து, செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறி நாசரேத்தில் இறங்கினேன். எங்கள் பக்கத்தில் ஒரு சேகரத்துக்குள் பல கிராமச் சபைகள் இருக்கும். சேகர குருவானவர் இருப்பது சேகரத் தலைமையிடத்தில், பதிவேடுகளும் அங்கேதான். இது எனக்குத் தெரியும். ஆனால் மே மாதம் குருவானவர்களுக்கு மாறுதல் வரும் காலம் என்பதை யோசிக்கவில்லை. பழைய ஐயர் (குருவானவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்போம்) பெட்டி கட்டிப் புறப்பட்டுவிட்டார், புதிய ஐயர் இன்னும் பொறுப்பேற்கவில்லை. பதிவேடுகள் இருந்த இரும்பு அலமாரி பூட்டிக் கிடந்தது. "சாவி பழைய ஐயருகிட்டல்லா இருக்கு. ஏம்மா, ஒரு போன் போட்டுட்டு வந்திருக்கலாம்லா?" என்றார், குருவானவருக்கு உதவியாக ஊர்ச் சபையைக் கவனிக்கும் உபதேசியார். அவர் சொன்னதில் தவறு இல்லை. நான் பேசியிருந்தது அலுவலக எண்ணுக்கு, அதை எடுத்தவர் யாரென்றே தெரியவில்லை. சேகரத்துக்குப் போவதானால் ஐயருடைய எண்ணோடு உபதேசியாரின் எண்ணையும் கட்டாயம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஊர்ச் சபையில் எந்தத் தாள் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அன்று செய்ய முடிந்த ஒரே காரியம், ஐந்தாண்டுச் சந்தா பாக்கியைக் கட்டி ரசீது வாங்கியது மட்டுமே. மறுநாள் வெறுங்கையோடு திரும்பினேன்.

அந்தப் புதன்கிழமை பகுதி ஜெபம் எங்கள் வீட்டில்தான் முறை. பாட்டும் வேதவாசிப்பும் முடிந்து, ஜெபக் குறிப்புகள் கேட்கும் நேரத்தில், வழக்கமாக "வீட்டில் எல்லாருடைய சுகத்துக்காகவும்" என்று சொல்லி முடிக்கிற நான், அன்று அழுதுவிட்டேன். பன்னிரண்டு பேர் முன்னால் அழுதது எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் வழி பிறந்ததும் அங்கேதான். எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார், அவருக்கும் திருச்செந்தூர்ப் பக்கம்தான். ஜெபம் முடிந்ததும் காபியைக் கையில் வைத்துக்கொண்டே, "நீங்கள் எழுதிய தேதி எங்கிருந்து கிடைத்தது?" என்று கேட்டார். ஞாபகத்திலிருந்து எழுதினோம் என்றேன். "உங்கள் மாமியாருடைய வேதாகமத்தைப் பார்த்தீர்களா?" என்றார். நாங்கள் பார்க்கவில்லை. ஐந்து ஆண்டுகளாக அதே வீட்டில், அதே அலமாரியில், தினமும் நான் தூசி தட்டி வைக்கும் புத்தகம் அது.

அத்தை தன் வேதாகமத்தின் முன் வெற்றுத்தாளில் நீல மையால் குடும்பத்தின் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், மரணம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைத்திருந்தார். என் மகளுக்கான வரியில் தேதி இல்லை. "2009. அசனத்துக்கு முந்தின ஞாயிறு. ஞானஸ்நானம். சங்கீதம் 121" என்று மட்டும் இருந்தது. நாங்கள் இத்தனை நாள், ஆலயத்தில் நடக்கும் பொது விருந்தான அசனத்தன்றே ஞானஸ்நானம் நடந்ததாக நினைத்து ஒரு வாரம் பிந்திய தேதியை எழுதியிருக்கிறோம். ஊர் முழுவதும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட அசனம் நினைவில் நின்றுவிட்டது, அதற்கு முந்தைய ஞாயிறு மறந்துபோயிற்று. ஆசிரியர் அன்றிரவே, சரியான தேதி, ஞானப்பெற்றோரின் பெயர்கள், ஞானஸ்நானம் கொடுத்த ஐயரின் பெயர் எல்லாம் சேர்த்துப் புதிய விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தார். பழைய பதிவு தேடுகிறவர்கள் தேதியை மட்டும் நம்பாமல் ஞானப்பெற்றோரின் பெயரையும் எழுதுங்கள். பதிவேட்டில் அதற்குத் தனிப் பத்தி உண்டு, தேடுகிறவருக்கு அது பெரிய உதவி.

ஜூலையில் இரண்டாம் பயணம். இம்முறை உபதேசியாரிடம் நாள் குறித்துக்கொண்டு போனேன். புதிய ஐயர் பொறுப்பேற்றிருந்தார், சாவியும் இருந்தது. ஆனால் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த பதிவேடுகளை 2023 டிசம்பர் வெள்ளம் விட்டுவைக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, இதே செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கிக்கொண்ட அந்த நாட்களில், சேகர அலுவலகத்திலும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றிருக்கிறது. 2009ஆம் ஆண்டுப் பதிவேடு கீழ்த்தட்டில்தான் இருந்தது. உபதேசியார் அதை எடுத்துவந்து மேசைமேல் வைத்தபோது எனக்குக் கை நடுங்கியது. அட்டை உப்பி, ஓரங்கள் சேற்று நிறத்தில் காய்ந்திருந்தன. தண்ணீர் வடிந்த வாரம் ஆலயத்து பெஞ்சுகளில் பதிவேடுகளை விரித்து, தாளுக்குத் தாள் செய்தித்தாள் வைத்து, மின்விசிறியைப் போட்டுப் பல நாள் காயவைத்தாராம். அதை அவர் ஒரு பெரிய காரியமாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் அதைச் செய்யாமல் இருந்திருந்தால், என் மகளைப்போல எத்தனை பிள்ளைகளின் பெயர் சேற்றோடு போயிருக்கும்!

நாங்கள் தேடிய பக்கம் அடுத்த பக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் ஒரு தபால் அட்டையை மெல்ல உள்ளே செலுத்தி, அங்குலம் அங்குலமாகப் பிரித்தார். தேதிப் பத்தியில் மை கரைந்து நீலத் திட்டாகிவிட்டிருந்தது. பிள்ளையின் பெயர் பாதி தெரிந்தது. ஞானப்பெற்றோர் பத்தியில் என் நாத்தனாரின் பெயர் மட்டும் தெளிவாக இருந்தது, அந்த வரியை மட்டும் யாரோ கறுப்புப் பேனாவால் எழுதியிருந்தார்கள். மேலே இருந்த பதிவின் தேதியும் கீழே இருந்த பதிவின் தேதியும் தெரிந்ததால், இரண்டுக்கும் நடுவில் வரும் ஞாயிறு, அத்தை எழுதிவைத்த ஞாயிறேதான் என்று உறுதியாயிற்று. ஐயர் வேதாகமத் தாளின் நகலையும் வாங்கி வைத்துக்கொண்டு சான்றையும் மாறுதல் கடிதத்தையும் எழுதிக் கையொப்பமிட்டு முத்திரை வைத்தார். எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது.

சென்னைக்கு வந்தால், இன்னொரு சிக்கல். எங்கள் திருமணச் சான்று 2002ஆம் ஆண்டுக்கானது, அதில் திருநெல்வேலித் திருமண்டலம் (ஒரு பேராயரின் கீழ் வரும் சேகரங்கள் சேர்ந்தது ஒரு திருமண்டலம்) என்று இருக்கிறது. மகளின் சான்றில் தூத்துக்குடி நாசரேத் திருமண்டலம் என்று இருக்கிறது. "ரெண்டும் ஒரே சர்ச்சுன்னு சொல்றீங்க, டயோசிஸ் ஏன் வேற வேற?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். 2003இல் திருநெல்வேலித் திருமண்டலத்திலிருந்து தூத்துக்குடி நாசரேத் திருமண்டலம் பிரிந்தது, ஆலயம் அதேதான், அதன் மேலிருக்கும் திருமண்டலம்தான் மாறியது என்று விளக்கியும் அவர் ஏற்கவில்லை, எழுத்தில் வேண்டும் என்றார். நல்ல வேளையாக மாறுதல் கடிதத்தின் கீழே ஐயர் அதே செய்தியை ஒரு வரியில் எழுதியிருந்தார், ஆசிரியர் அப்படி எழுதச் சொல்லும்படி முன்கூட்டியே எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் பக்கத்திலிருந்து 2003க்கு முந்தைய சான்று ஒன்றும் பிந்தைய சான்று ஒன்றும் சேர்த்துக் கொடுப்பவர்கள் இந்த வரியைக் கேட்டு வாங்கத் தவற வேண்டாம்.

சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் குருசேகரக் கமிட்டி மாதம் ஒருமுறைதான் கூடும். நான் தாள்களைக் கொடுத்ததற்கு இரண்டு நாள் கழித்துக் கூட்டம் இருந்ததால் தப்பித்தோம், இல்லையென்றால் ஆகஸ்டு தவறி மகள் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்திருக்கும். குடும்ப எண்ணும், எண் அச்சிட்ட பன்னிரண்டு உறைகளும் வந்து சேர்ந்தன. முதல் உறையில் பணம் வைத்து ஒட்டும்போது, எண்ணின்மேல் விரலை வைத்துப் பார்த்தேன், என்னை அறியாமல் கண் நிறைந்தது.

திடப்படுத்தல் அன்று எங்கள் பகுதி ஜெபக் குடும்பங்கள் பன்னிரண்டு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பேராயர் மகளின் தலையில் கைகளை வைத்தபோது, முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் அத்தை எழுந்து நின்றார். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் வேதாகமத்தை எடுத்து, அதே தாளில், அதே வரிக்குக் கீழே எழுதினார். இம்முறை நான் பக்கத்தில் உட்கார்ந்து நாள், மாதம், ஆண்டு மூன்றையும் சொல்லச் சொல்ல எழுதவைத்தேன்.

மகனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அவனுடைய ஞானஸ்நானம் என் தாய்வீட்டு ஊரில் நடந்தது, அது வேறு சேகரம். சான்றுக்கான விண்ணப்பத்தை ஞானப்பெற்றோரின் பெயரோடு சென்ற வாரமே அனுப்பிவிட்டு, அந்த ஊர் உபதேசியாரிடமும் பேசிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.