டிக்ரி வாங்கிய பிறகுதான் அலைச்சலே ஆரம்பித்தது

கொடுத்த கடனுக்காக முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டு டிக்ரி (பணத்தைக் கட்டச் சொல்லும் கோர்ட் உத்தரவு) வாங்கியிருக்கிறீர்களா? அதைப் பீரோவில் வைத்துவிட்டுப் பணம் வரும் என்று காத்திருக்காதீர்கள். நான் பதினோரு மாதம் காத்திருந்தேன். ஒரு ரூபாய் வரவில்லை.

தெரிந்தவர்தான். புரோநோட்டில் கையெழுத்துப் போட்டு 1,20,000 ரூபாய் வாங்கினார். கொஞ்ச நாளில் வட்டி நின்றது, அப்புறம் பேச்சும் நின்றது. மூன்று வருடக் காலவரையறை முடிவதற்குள் வக்கீல் வைத்து வழக்குப் போட்டேன். சம்மனை வாங்கிக்கொண்டவர் கோர்ட் பக்கமே வரவில்லை. எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆனது, அதாவது எதிராளி வராமலேயே எனக்குச் சாதகமாக முடிந்தது. இதுவரை பெரிய சிரமம் இல்லை.

பதினோரு மாதம் கழித்து வக்கீலிடம் போய், "சார், பணம் எப்போ வரும்?" என்று கேட்டேன். "டிக்ரி வாங்கிக் கொடுத்தாச்சேம்மா. இ.பி. தனி, அதுக்கு ஃபீஸும் தனி" என்றார். இ.பி. என்றால் நிறைவேற்று மனு என்பதையே அன்றுதான் தெரிந்துகொண்டேன். தீர்ப்பு வந்தால் கோர்ட்டே பணத்தை வாங்கிக் கொடுத்துவிடும் என்று நம்பியிருந்தேன். என்னைப்போல் நினைக்கிறவர்கள் நிறைய பேர் இருப்பார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். ஜெயித்தவர் தனியாக மனுப் போட்டு, எதிராளியின் சொத்து எது, சம்பளம் எங்கே என்று அவரே காட்ட வேண்டும். அதற்குப் 12 வருடம் அவகாசம் உண்டு. ஆனால் அதற்குள் எதிராளி எல்லாவற்றையும் வேறு பெயருக்கு மாற்றிவிடலாம்.

வக்கீல் கேட்ட தொகை என்னிடம் இல்லை. சரி, டிக்ரி நகலையாவது நாமே வாங்கி வைப்போம் என்று கோர்ட்டின் நகல் பிரிவுக்குப் போனேன். முதல் முறை விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். "நம்பர் தப்பு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. இரண்டாம் முறையும் அதே பதில். மூன்றாம் முறை பக்கத்தில் நின்ற ஒரு வக்கீல் குமாஸ்தாதான், நான் எழுதியது மனுவைத் தாக்கல் செய்தபோது கொடுத்த தாக்கல் எண், அங்கே கேட்பது வழக்கு பதிவான பிறகு கிடைக்கும் ஓ.எஸ். (அசல் வழக்கு) எண் என்று காட்டினார். அரை நிமிட வேலை. அதற்கு எனக்கு மூன்று நாள் கூலி போனது. எண் சரியான பிறகு, "டிக்ரி இன்னும் தயாராகலம்மா" என்றார்கள். தீர்ப்பு சொன்ன 15 நாளுக்குள் டிக்ரியைத் தயாரிக்க வேண்டும் என்று சிவில் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. எனக்கோ ஒரு வருடம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போது எனக்கு அந்த விதி தெரியாது, தெரிந்திருந்தால் எழுதிக் கொடுத்துக் கேட்டிருப்பேன். நீங்கள் கேளுங்கள். இன்னொன்று, வழக்குப் போட்ட அன்றே, ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகக் கொடுக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அது இருந்தால் வாய்தா தேதியையும் வழக்கின் நிலையையும் போனிலேயே பார்க்கலாம், யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.

நகல் பிரிவுக்குப் போகும் வழியில்தான் வட்ட சட்டப் பணிகள் குழுவின் அறை. அந்தக் கதவைத் தாண்டி எத்தனை முறை போயிருப்பேன்! இலவச சட்ட உதவி என்றால் ஜெயிலில் இருப்பவர்களுக்கும் பரம ஏழைகளுக்கும்தான் என்று நினைத்திருந்தேன். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் என்று பட்டியலே இருக்கிறது. பெண்ணாக இருந்தால் வருமானச் சான்றிதழ்கூட வேண்டாம். வக்கீல் மட்டுமல்ல, கோர்ட் கட்டணத்துக்கும் உதவி உண்டு. அப்படியென்றால் முதல் வழக்குக்கு நான் கைக்காசைச் செலவழித்திருக்கவே வேண்டியதில்லை. இது தெரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலே விவரம் சொல்வார்கள்.

நான் உள்ளே போன நாளில் ஒரு சட்டக் கல்லூரியின் சட்ட உதவி மையத்து மாணவர்கள் வந்திருந்தார்கள். இறுதியாண்டு மாணவி ஒருவர் என் காகிதங்களை வாங்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, உண்மையைச் சொல்றேன். ஆர்டர் 21, அதான் டிக்ரியை நிறைவேத்துற விதிகள், பரீட்சைக்குப் படிச்சிருக்கேன். ஒரு இ.பி.யை நேர்ல பாக்கப்போறது இதுதான் முதல் தடவை" என்றார். எனக்குத் திக்கென்றது. ஆனால் அந்தப் பெண் விடவில்லை. கூட வந்திருந்த பேராசிரியரிடமும் குழுவின் வக்கீலிடமும் மாறி மாறிக் கேட்டு, இரண்டு வாரத்தில் மனுவின் வரைவைத் தயாரித்துவிட்டார். வக்கீல் திருத்திக் கையெழுத்திட்டார். குழு மூலம் எழுதிக் கேட்டதும் டிக்ரி நகலும் வந்துவிட்டது.

எதிராளிக்கு என்ன இருக்கிறது என்று அந்த மாணவி கேட்டார். வீடு மனைவி பெயரில். எதிராளி ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறார், சம்பளம் 25,000 ரூபாய் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அது போதும் என்றார். சம்பள ஜப்தியில், அதாவது கோர்ட் உத்தரவால் சம்பளத்தைப் பிடிப்பதில், முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. மிச்சம் மாதம் 8,000 ரூபாய் பிடிக்கலாம். வட்டியும் செலவும் சேர்த்து எனக்கு வர வேண்டியது 1,68,000. இருபத்தொரு மாதம். ஒரே டிக்ரிக்காக மொத்தம் 24 மாதத்துக்கு மேல் சம்பளத்தைப் பிடிக்க முடியாது, அதனால் தொகை பெரிதாக இருந்தால் வேறு சொத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும். கம்பெனியின் சரியான பெயரும் முகவரியும் மிக முக்கியம். சொத்து விவரமே தெரியாவிட்டால், எதிராளியே பிரமாண வாக்குமூலமாகச் சொல்ல வேண்டும் என்று கோர்ட்டைக் கேட்கலாம்.

மனுப் போட்ட பிறகும் எல்லாம் ஓடிவிடவில்லை. ஒரு வாய்தாவுக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன், வக்கீல்கள் கோர்ட் புறக்கணிப்பு. அடுத்த தேதி ஆறு வாரம் கழித்து. இன்னொரு முறை பேட்டா (நோட்டீஸ் அனுப்புவதற்கான கட்டணம்) கட்டாததால் நோட்டீஸே போகவில்லை. பேட்டா கட்டியாகிவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் நீங்களே கேட்டுவிடுங்கள்.

கம்பெனிக்கு உத்தரவு போனதும்தான் எதிராளிக்குக் கோர்ட் ஞாபகம் வந்தது. சம்மனே கிடைக்கவில்லை, எக்ஸ்பார்ட்டி டிக்ரியை ரத்து செய்ய வேண்டும், தாமதத்தையும் மன்னிக்க வேண்டும் என்று மனுப் போட்டார். எனக்குக் கை கால் உதறியது. பழைய வழக்குக் கட்டைப் புரட்டி அவர் கையெழுத்துப் போட்ட தபால் ஒப்புகை அட்டையைக் கண்டுபிடித்தவர் அந்த மாணவிதான். அட்டையில் இருந்ததும் புரோநோட்டில் இருந்ததும் ஒரே கையெழுத்து. மனு தள்ளுபடியானது. அன்று கோர்ட் வராந்தாவில் நான் அழுதேவிட்டேன்.

நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனக்குச் சம்பளப் பிடித்தம் தொடங்கவே பதினான்கு மாதம் ஆனது. டிக்ரி வாங்கிய பிறகுதான் இந்தியாவில் வழக்காடுபவரின் கஷ்டம் தொடங்குகிறது என்று 1872-லேயே பிரிவி கவுன்சில் (அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றம்) சொன்னதாக அந்த மாணவி சொன்னார். 150 வருடத்துக்கு முன்பே தெரிந்த கஷ்டம்! தீர்ப்பு நகலோடு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுக்கக்கூடாதா? அதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம்.

சட்டக் கல்லூரிகளுக்கும் ஒன்று கேட்கிறேன். சட்ட உதவி மையம் நடத்த வேண்டும் என்று பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறதாம். இறுதியாண்டு வரை காத்திருக்காமல் இரண்டாம் வருடமே பிள்ளைகளை நகல் பிரிவிலும், கோர்ட் உத்தரவை நேரில் போய் நிறைவேற்றும் அமீனாவோடும் ஒரு மாதம் விடுங்கள். ஜப்தி மனுவைக் கையால் எழுதிப் பார்த்தவர், நாளைக்கு வக்கீலாகும்போது வழக்குப் போடும் அன்றே எதிராளி எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்பார். என் முதல் வக்கீல் அதைக் கேட்கவே இல்லை.

இதுவரை நான்கு மாதத் தொகையைக் கம்பெனி கோர்ட்டில் கட்டியிருக்கிறது. அதை எடுக்கவும் தனி மனு வேண்டும், வங்கிப் பாஸ்புக் நகலைத் தயாராக வைத்திருங்கள். போன வாரம் அந்த மாணவி போன் செய்து, ஜூனியர்களுக்குக் காட்டப் பெயர்களை மறைத்து என் கட்டின் நகல் கிடைக்குமா என்று கேட்டார். நகல் பிரிவு திருப்பிக் கொடுத்த அந்த இரண்டு விண்ணப்பங்களையும் சேர்த்தே கொடுத்தனுப்பினேன்.