அப்பாவின் மறதிநோயும் மாத்திரைக்கு வெளியே நாங்கள் செய்தவையும்

என் அப்பா 1974-இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராகச் சேர்ந்து, 32 ஆண்டுகள் பணியாற்றி 2006-இல் ஓய்வு பெற்றவர். அதில் பெரும்பகுதி மதுரை–தேனி வழித்தடத்தில் கழிந்தது. கூட்ட நெரிசலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சில்லறை எண்ணிக் கொடுத்த அந்த மனிதர், 2022-ஆம் ஆண்டு இறுதியில் ஒருநாள், விளாங்குடியில் எங்கள் தெருமுனைக் கடையில் பாலுக்குக் காசு கொடுக்கத் தெரியாமல், உள்ளங்கை நிறைய நாணயங்களைக் கடைக்காரரிடம் நீட்டி, "நீங்களே எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். கடைக்காரர் அதைப் பெருமையாகத்தான் என்னிடம் சொன்னார், அப்பா தம்மை அவ்வளவு நம்புகிறார் என்று.

முதலில் காட்டிய மருத்துவர் "வயதானால் அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டதில் ஓராண்டு போயிற்று. அடுத்து நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் போனோம். அவர் பி12, தைராய்டு ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனையும் தலை ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். சரிசெய்யக்கூடிய காரணம் எதையும் தவறவிட்டுவிடக்கூடாது என்பதற்காகவே இவை என்று விளக்கினார். முடிவு, மறதிநோய் வகைகளில் ஒன்றான அல்சைமர் என்று வந்தது. நினைவாற்றல் சோதனையில் 30-க்கு 19. டோனெபெசில் மாத்திரை எழுதிக் கொடுத்து, அது சில காலம் நிலைமையைத் தாங்கிப் பிடிக்கலாமே தவிர இழந்ததைத் திருப்பித் தராது என்று ஒளிக்காமல் சொன்ன அவர், மிச்ச வேலையைக் கற்றுக்கொள்ள எங்களை அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் அனுப்பினார்.

அந்த அம்மையார் முதலில் பார்த்தது அப்பாவின் காதுகளை. இரண்டிலும் குரும்பி அடைத்திருந்தது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் அதை எடுத்த பிறகு, "சொன்னது மறந்துவிட்டது" என்று நாங்கள் நினைத்திருந்தவற்றில் ஒரு பகுதி, சொன்னது கேட்கவே இல்லை என்பது தெரிந்தது. மறதிநோய்க்கு எந்தப் பயிற்சி தொடங்குவதற்கு முன்பும் காதையும் கண்ணாடியையும் சரிபார்த்துவிடுங்கள் என்று யாரிடமும் தயங்காமல் சொல்வேன்.

அவர் எங்களுக்குக் கற்றுத்தந்தது அறிவுத்தூண்டல் சிகிச்சை; குழுவாக உட்கார்ந்து பேச்சாலும் விளையாட்டாலும் சிந்தனையைத் தூண்டும் முறை. பிரிட்டனில் 201 பேரிடம் செய்து 2003-இல் வெளியான ஆய்வு ஒன்றுதான் அதற்குப் பெயர் வாங்கித் தந்தது. வாரத்துக்கு இரண்டு அமர்வு, ஏழு வாரம், ஆக 14 அமர்வு. ஒவ்வொன்றும் சுமார் முக்கால் மணி நேரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள். ஒலிகள், குழந்தைப்பருவம், உணவு, நாட்டு நடப்பு, பணம், சொல் விளையாட்டு என்று அது போகும். அந்த ஆய்வில் நினைவாற்றல் மதிப்பெண்ணிலும் வாழ்க்கைத் தரத்திலும் சிறு முன்னேற்றம் தெரிந்தது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், லேசானது முதல் நடுத்தரம் வரையிலான மறதிநோய்க்கு இதைக் குழுவாகச் செய்யும்படி பரிந்துரைக்கிறது. சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் என்ற மனநல ஆய்வு நிறுவனத்தினர் இதைத் தமிழ்ச் சூழலுக்கு ஏற்ப மாற்றி முயன்று பார்த்து, 2017-இல் அது குறித்து எழுதியிருக்கிறார்கள்.

குழு என்றால் ஐந்து முதல் எட்டுப் பேர். நாங்கள் போய்வரக்கூடிய தூரத்தில் அப்படி ஒன்று அமையவில்லை. ஆகவே அப்பாவோடு பணியாற்றி ஓய்வுபெற்ற இருவரை, ஓர் ஓட்டுநரையும் ஒரு நடத்துநரையும், செவ்வாய், வெள்ளி மாலைகளில் வீட்டுக்கு வரச் சொன்னேன். இருவருக்கும் நோய் எதுவும் இல்லை. இது முறைப்படியான குழு ஆகாது என்று தெரபிஸ்ட் எச்சரித்துவிட்டு, "ஆனாலும் செய்யுங்கள்" என்றார்.

முதல் மூன்று அமர்வுகளை நான் கெடுத்தேன். பள்ளியில் 20 ஆண்டுகளாகக் கேள்வி கேட்டே பிழைப்பவள் நான். "அப்பா, இன்றைக்கு என்ன கிழமை? காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? பேத்தி பெயர் என்ன?" என்று கேட்டுக்கொண்டே போனேன். நான்காவது, பணம் பற்றிய அமர்வு. தட்டில் நாணயங்களைக் கொட்டி, 47 ரூபாய் எடுத்து வைக்கச் சொன்னேன். அப்பா தட்டையும் என்னையும் பார்த்தார். "32 வருஷம் வசூல் ஒருநாள் குறைஞ்சதில்ல. என்னையாத்தா கணக்குக் கேக்குற?" என்று எழுந்து போய்விட்டார். நண்பர்கள் இருவரும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

தெரபிஸ்டிடம் இதைச் சொன்னபோது, இந்தச் சிகிச்சையின் அடிப்படை விதியை நான்தான் மீறியிருக்கிறேன் என்றார்: தகவலைக் கேட்காதே, கருத்தைக் கேள். தகவலுக்குச் சரி, தவறு என்று உண்டு. கருத்தில் யாரும் தோற்பதில்லை. கருத்துச் சொல்வதற்காகத் தேடும்போதே நினைவும் சொல்லும் தானாகப் புழங்குகின்றன. அடுத்த வாரம் அதே தட்டை வைத்து, "சில்லறை தராத பயணி பெரிய தொல்லையா, மூட்டையோடு ஏறுபவர் பெரிய தொல்லையா?" என்று கேட்டேன். மூவரும் சண்டை போடாத குறையாகப் பேசினார்கள். பேச்சு வாக்கில் அப்பா நாணயங்களை விரலால் ஒதுக்கி, ஐந்து ஐந்தாக அடுக்கிக்கொண்டிருந்தார். நான் எதுவும் சொல்லவில்லை.

அதன் பிறகு அமர்வு எப்போதும் ஒரே மாதிரி தொடங்கியது. நண்பர் ஒருமுறை விசில் ஊதுவார். அப்பா நாகமலைப் புதுக்கோட்டை, செக்கானூரணி, கருமாத்தூர், உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று ஸ்டேஜ்களை வரிசையாகச் சொல்லுவார். ஒரே தொடக்கத்தை மாற்றாமல் வைத்துக்கொள்வதும் முறையில் உள்ளதுதான். பொதுவாகக் குழுக்கள் ஒரு பாட்டை வைத்துக்கொள்வார்களாம். உணவு அமர்வைவிட வாசனைப் பொருள்கள் எங்களுக்கு நன்றாகக் கைகொடுத்தன. மரிக்கொழுந்தை முகர்ந்ததும் அப்பா என் அம்மாவைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். அம்மா இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன என்பதால் எனக்கு உள்ளூரப் பயமாக இருந்தது. ஆனால் அவர் அழவில்லை. நான்தான் அடுக்களைக்குள் போய்விட்டு வந்தேன்.

நாள்காட்டி விஷயத்தையும் சொல்ல வேண்டும். அப்பா காலையில் தினசரிக் காலண்டரில் தாள் கிழிப்பார். கிழித்தது மறந்துவிடும்; மீண்டும் கிழிப்பார். பத்து மணிக்குள் எங்கள் வீடு அடுத்த வாரத்துக்குப் போயிருக்கும். காலண்டரை எட்டாத உயரத்தில் மாட்டி, காபிக்குப் பிறகு இருவரும் சேர்ந்து ஒரு தாள் கிழித்து, அதிலுள்ள நல்ல நேரத்தை அவர் உரக்க வாசிப்பது என்று மாற்றினோம்.

அன்றாடத் தேவைக்கென்று தனியே ஒரு பயிற்சியும் உண்டு. அப்பா ஒரு நாளைக்கு இருபது முறையாவது மூக்குக் கண்ணாடியைத் தேடுவார். "கண்ணாடி எங்கே?" "மஞ்சள் டப்பாவில்" என்ற ஒரே கேள்வியையும் பதிலையும் அரை நிமிடம், ஒரு நிமிடம், இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளியை நீட்டிக் கேட்க வேண்டும். தவறினால் ஊகிக்க விடாமல் உடனே பதிலைச் சொல்லி, அவரையும் சொல்லவைத்து, முந்தைய இடைவெளிக்குத் திரும்ப வேண்டும். ஊகித்த தவறும் பதிந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. இங்கு மட்டும் தகவல் கேள்வி வருகிறது. ஆனால் பதில் கையிலேயே இருக்கும்போது கேட்கப்படுகிறது. இரண்டு வாரத்தில் அப்பாவின் கை தானாக டப்பாவுக்குப் போனது. டப்பாவை நகர்த்தினால் எல்லாம் போயிற்று.

தம்பி சென்னையிலிருந்து மூளைப் பயிற்சிச் செயலி ஒன்றுக்குப் பணம் கட்டி அனுப்பினான். நைஸ் வழிகாட்டுதல், இந்த நிலையிலுள்ள அல்சைமர் நோயாளிகளுக்கு அத்தகைய அறிவுப் பயிற்சிகளைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. தம்பியின் மனம் நோகக்கூடாது என்று ஒருமுறை திறந்து பார்த்தோம். அப்பா அதில் வந்த ஆரஞ்சுப் பழங்களை யாருக்குக் கொடுப்பது என்று கேட்டார்.

ஆறு மாதம் கழித்து எடுத்த சோதனையில் 30-க்கு 18. தம்பி ஏமாந்துபோனான். வீட்டிலேயே குடும்பத்தினர் ஒருவருக்கு ஒருவராக இதைச் செய்வதைப் பற்றி, நோயாளியும் கவனித்துக்கொள்பவருமாக 356 இணைகளைக் கொண்டு பிரிட்டனில் நடத்திய ஆய்வு 2015-இல் வந்தது. 25 வாரம் செய்தும் நோயாளிகளின் நினைவாற்றல் உயரவில்லை, ஆனால் கவனித்துக்கொள்பவருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவு மேம்பட்டது என்று அது கூறுகிறது. தெரபிஸ்ட் இதை முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்ததால், 18-ஐப் பார்த்து நான் அதிகம் கலங்கவில்லை.

விடியற்காலை நாலரைக்கு அப்பா இப்போதும் சில நாள் காக்கிச் சட்டை தேடுகிறார். "ஓய்வுபெற்று எத்தனை வருஷமாச்சு" என்று முன்பு சொல்வேன். அவர் கதவோடு மல்லுக்கட்டுவார். "இன்றைக்கு விடுமுறை" என்று சொல்லிவிடு என்பான் தம்பி. எனக்குப் பொய் வரவில்லை. "முதல் ட்ரிப்புக்கு டிரைவர் யாருப்பா?" என்று கேட்கிறேன். அவர் உட்கார்ந்து சொல்லத் தொடங்குவதற்குள் பால் காய்ந்துவிடும்.

இப்போது இரண்டாம் சுற்று ஓடுகிறது. ஸ்டேஜ் வரிசையில் கருமாத்தூரை அப்பா அடிக்கடி விட்டுவிடுகிறார். நண்பர் விசிலை எடுத்து ஒருமுறை ஊதி, "ஒரு ஆள் எறங்கணும்ணே" என்கிறார்.